கடைசி ரிமோட்

எங்கள் அலுவலகத்தில் எனக்குப் பெயர் சோஃபா சார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் புழங்குகிறது. டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தால் இணையத்திலிருந்து படமும் தொடரும் இழுத்து வந்து காட்டுமே, அந்தப் பெட்டியைச் செய்து விற்கிற நிறுவனம் எங்களுடையது. அதில் 'நாளைய கூடம்' என்று ஒரு பிரிவு. இன்னும் பத்து வருடத்தில் மனிதர்கள் தங்கள் வீட்டுக் கூடத்தில் எப்படி உட்காருவார்கள், எதைப் பார்ப்பார்கள், வேண்டியதைப் பெட்டியிடம் எப்படிக் கேட்பார்கள் என்றெல்லாம் யோசித்துச் சொல்வது அதன் வேலை. அதற்கு நான் தலைவர். எனக்குக் கீழே இரண்டு பேர். இரண்டு பேருமே என் பேச்சைக் கேட்பதில்லை.

சோஃபாவில் சாய்ந்திருப்பவரின் கழுத்து எவ்வளவு வளையும், கண் எங்கே போகும், கை எதைத் தேடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மேடை கிடைத்தால் லேசில் இறங்கமாட்டேன். என் வீட்டு சோஃபா என்ன நிறம் என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதில் உட்காருவேன், நாளைய கூடத்தைப் பற்றி மனைவியிடம் பேச ஆரம்பிப்பேன், பேச்சின் நடுவிலேயே தூங்கிப் போவேன். சொந்தப் பேச்சைக் கேட்டுத் தூங்குகிறவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மனைவி பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவள். கூடத்தின் ஓரத்தில் கிடக்கும் சாப்பாட்டு மேஜைதான் அவளுக்கு அலுவலகம். ஒரு சிவப்புப் பேனா, கட்டுக் கட்டாகத் தாள்கள். நான் பேசும்போது அவள் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை. 'ம்' என்பாள். அந்த 'ம்' எனக்குப் போதுமானதாக இருந்தது.

சோஃபாவின் மறு ஓரம் என் மாமனாருக்கு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி இருக்கையில் குறட்டை விடுகிறவனையும் படிக்கட்டிலிருந்தே எழுப்பி இறக்கிவிடுகிற குரல் அவருக்கு. பக்கவாதம் வந்தபோது அந்தக் குரலைத்தான் முதலில் பிடுங்கிக்கொண்டு போயிற்று. வலது கையும் போனது, எழுதுவதும் போனது. "எல்லாம் புரியும், வெளியே வராது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எங்களோடு வந்து தங்கினார். யாராவது தூக்கிவிட்டால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். மற்ற நேரமெல்லாம் சோஃபா, டி.வி., இடது கையில் ரிமோட். பார்ப்பது மல்யுத்தம். ஒருவன் இன்னொருவனைத் தலைக்கு மேலே தூக்கி, பலகை அதிரப் போடுவானே, அந்த வகை.

அவர் ரிமோட் பிடித்த விதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று சத்தத்தை நிறுத்துவார். உடனே திரும்ப வைப்பார். மறுபடியும் நிறுத்துவார். நான் வாசல் கதவைத் திறந்து உள்ளே காலடி வைத்ததும் சத்தம் மளமளவென்று ஏறும். சில சாயங்காலங்களில் சோஃபாவில் கண் விழித்துப் பார்த்தால், திரையில் மல்லர்கள் சத்தமே இல்லாமல் புரண்டுகொண்டிருப்பார்கள்; இவர் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். பாவம், நிறுத்திவிட்டு மறந்துபோய்விட்டார் என்று நினைத்துக்கொள்வேன். காது மந்தம், கைத் தடுமாற்றம், மறதி என்று மூன்று வியாதிகளை நானே கண்டுபிடித்தேன். டாக்டருக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்கவில்லை.

எங்கள் பெட்டிகளில் சிலவற்றை ஆராய்ச்சிக்கென்று சில வீடுகளில் வைத்திருந்தோம். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துகிறார்கள் என்பது அலுவலகத்துக்கு வந்துவிடும். என் வீடும் அதில் ஒன்று. வீட்டில் யாரையும் கேட்காமல் நானே பெரிய மனதோடு கொடுத்திருந்தேன். மற்ற வீடுகளின் படத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். என் வீட்டின் படத்தைப் பார்த்தால் அம்மை போட்டது போல இருக்கும். முக்கால்வாசி சத்தத்தை நிறுத்துகிற பொத்தான்; தினமும் சாயங்காலம் சத்தத்தை ஏற்றுகிற பொத்தான். இடையிடையே நீளமான கோடுகள். நிறுத்திவிட்டு மறந்துபோன நேரங்கள்.

அந்தப் படத்தைத் திரையில் போட்டு எங்கள் இயக்குநர் மேடத்திடம் நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. "மேடம், இந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் ஒரு முதியவரோட தவிப்பு" என்றேன். "இதுக்கெல்லாம் காரணம் இந்த ரிமோட். நாளைய கூடத்துல ரிமோட்டே இருக்கக் கூடாது. பெட்டியே பாக்கணும், பெட்டியே கேக்கணும், பெட்டியே புரிஞ்சுக்கணும்."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பதவி உயர்வு வரும் என்பது அலுவலக நம்பிக்கை. "சோஃபா சார், இந்தப் பெரியவர் யாரு?" என்று கேட்டார்.

"என் மாமனார்தான் மேடம்."

"அப்போ முதல் பெட்டி உங்க வீட்டுலதான். முதலீட்டாளர்களை அங்கயே கூட்டிட்டு வந்து காட்டிடலாம். நிஜமான வீடு, நிஜமான பெரியவர்."

அன்று வீட்டுக்குப் பறந்தே போனேன். நான் உள்ளே நுழைந்ததும் சத்தம் ஏறியது.

பெட்டி தயாராகிற வாரத்திலேயே மனைவியைப் பதிப்பகத்தார் அழைத்தார்கள். பாடநூல் அச்சுக்குப் போகிறது. நான்கைந்து நாள் அங்கேயே இருந்து பார்த்துக் கொடுக்க வேண்டும். எனக்கு அது வசதியாகப் போயிற்று. திரும்பி வரும்போது புதுப் பெட்டியைக் காட்டி அசத்தலாம். கிளம்புவதற்கு முன் என்னை எதிரில் உட்காரவைத்து அவள் ஏதோ சொன்னாள். நான் மடிக்கணினியில் 'கேட்கத் தெரிந்த கூடம்' என்ற தலைப்புக்குப் பொருத்தமான நிறம் தேடிக்கொண்டிருந்தேன்.

"நான் சொன்னதெல்லாம் காதுல விழுந்துதா?"

"விழுந்துச்சும்மா."

"என்ன சொன்னேன்?"

"ரிமோட்டப் பத்தி."

என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். அச்சுப்பிழையைப் பார்க்கிற பார்வை. "புது பேட்டரி போட்டிருக்கேன். அதையாவது பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினாள்.

மறுநாள் அலுவலகத்து ஆட்கள் வந்து புதுப் பெட்டியைப் பொருத்தினார்கள். பழைய பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ரிமோட் மாமனாரின் கையில் இருந்தது. கேட்டேன், கொடுக்கவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அப்போது கூசவில்லை. பெரிய உபகாரம் செய்கிறவனின் முகத்தோடுதான் எடுத்தேன்.

"மாமா, இனிமே உங்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. இது உங்களப் பாக்கும், நீங்க சொல்றதக் கேக்கும், என்ன வேணும்னு அதுவே புரிஞ்சுக்கும்."

அவர் காலியான கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ம்ங்" என்று தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"வணக்கம்" என்றது பெட்டி. "உங்களுக்கு அமைதியான காட்சிகள் பிடிக்கும் என்று நினைக்கிறேன்." திரையில் ஓர் ஏரி வந்தது. ஏரியில் ஒரு வாத்து. நான் கைதட்டினேன். அந்தப் பெட்டியின் பணிவான வசனங்கள் எல்லாம் நான் எழுதியவை. வீட்டில் நான் யாரிடமும் அவ்வளவு பணிவாகப் பேசியது கிடையாது.

வந்த ஆட்களில் ஒருவரை மாமனாருக்குத் துணையாக விட்டுவிட்டு ரிமோட்டை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். மேடம் அதை வரவேற்பறையில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் வைக்கச் சொன்னார். பேட்டரியைக் கழற்றி, முதுகில் 'கடைசி ரிமோட்' என்று ஒரு சீட்டு ஒட்டி, பின்பக்கம் தெரியும்படி கவிழ்த்து வைத்தார்கள். நான் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த இரண்டு நாள் விடுப்புப் போட்டு வீட்டில் இருந்தேன். மாமனாரைக் குறித்த நேரத்துக்குப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போக கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொண்டேன். அலாரம் அடித்தால் எழுப்புவேன். வேண்டுமோ வேண்டாமோ, போய் வருவார். அவர் ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டில் பாதி தட்டிலேயே மிஞ்சியது. கூப்பிட்டால் திரும்பவில்லை. ஆனால் கணினியில் என் வீட்டின் படம் எப்படி இருந்தது தெரியுமா? ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. பளிச்சென்று பச்சை. பயனாளர் நிறைவு: நூற்றுக்கு நூறு.

இரண்டாம் நாள் சாயங்காலம் மனைவி ஃபோனில் பேசினாள். "என்னங்க, டி.வி. சத்தம் ஒரே சீரா கேக்குதே. அப்பா தூங்குறாரா?"

"இல்லம்மா, முழிச்சுதான் இருக்காரு. ரொம்ப நிம்மதியா இருக்காரு. ரிமோட் பக்கமே போறதில்ல."

"போறதில்லையா? உடம்புக்கு ஏதாவது முடியலையா? என்ன சொல்றாரு?"

"அவரு என்னம்மா சொல்லுவாரு? பேச்சா இருக்கு?"

அந்தப் பக்கம் யாரோ அவளை வேலைக்குக் கூப்பிடுவது கேட்டது. பிறகு, "நாளைக்குக் காலையில பேசறேன். ஃபோன எடுங்க" என்றாள்.

நாளைக்குக் காலையில்தான் முதலீட்டாளர்கள் வருகிறார்கள்.

வந்தார்கள். மேடம், நீலக் கோட்டுப் போட்ட ஒருவர், தாடி வைத்த ஒருவர். மாமனாரைக் குளிப்பாட்டிப் புதுச் சட்டையும் புது பேண்ட்டும் போட்டு சோஃபாவின் நடுவில் உட்காரவைத்திருந்தேன். கடையில் பொம்மைக்குத் துணி போட்டு நிறுத்துவார்களே, அந்த மாதிரி. எல்லோருக்கும் காபி கொடுத்தேன், அவருக்கும் கொடுத்தேன். பேச்சின் நடுவில் இடைஞ்சல் வரக் கூடாதே என்று கைப்பேசியின் சத்தத்தை நிறுத்தி உள்ளறையில் வைத்தேன். அலாரமும் அதில்தான் இருக்கிறது என்பது நினைவுக்கு வரவில்லை. ரிமோட் இல்லாத உலகத்தைப் பற்றித்தான் நினைவு முழுவதும்.

பேசினேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று கேட்காதீர்கள். நடுவில் நீலக் கோட்டுக்காரர் மாமனாரின் கையைக் காட்டி, "அது என்ன, விரலை ஆட்டறாரு?" என்று கேட்டார். பார்த்தேன். இடது கட்டைவிரல் சோஃபாவின் கைப்பிடியை அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டு தடவை. கொஞ்சம் நிறுத்தம். மறுபடியும் இரண்டு தடவை.

"பழைய பழக்கம் சார்" என்று சிரித்தேன். "கை இன்னும் ரிமோட்டத் தேடுது. ரெண்டு நாள்ல மறந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் "ம்... ம்ம்..." என்றார்.

"மன்னிக்கவும்" என்றது பெட்டி. "வேறு காட்சி வேண்டுமா?" ஏரி போய் ஆறு வந்தது. நல்ல வேகமான ஆறு.

"ம்ம்! ம்ம்ங்!"

"உங்கள் உற்சாகம் புரிகிறது. இயற்கையின் ஒலியைக் கூட்டுகிறேன்." ஆறு போய் அருவி வந்தது. எங்கள் ஒலிபெருக்கியைப் பற்றி நாங்கள் பெருமையடித்துக்கொள்வதில் தப்பே இல்லை. கூடத்துக்குள் தண்ணீர் கொட்டுவது போலவே இருந்தது. மாமனார் இரண்டு முழங்கால்களையும் ஒட்டிவைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"பாருங்க, எவ்ளோ ஆர்வமா பாக்கறாரு" என்றேன்.

"புரிஞ்சுக்குதே!" என்று தாடிக்காரர் வியந்தார்.

அப்போது அருவி சுருங்கி ஒரு மூலைக்குப் போனது. 'அழைப்பு வருகிறது' என்று எழுத்து ஓடியது. நான் கைப்பேசியை எடுக்காவிட்டால் அழைப்பு பெட்டிக்கு வரும்படி செய்திருந்தேன். அதுவும் என் யோசனைதான். "எடுங்க, இதையும் காட்டிடலாம்" என்றார் மேடம் குஷியாக.

சுவர் அகலத்துக்கு என் மனைவியின் முகம் வந்து நின்றது. காதோரத்தில் சிவப்புப் பேனா. "என்னங்க, எத்தனை தடவ கூப்பிடறது? ஃபோன ஏன்..." என்று ஆரம்பித்தவள் கூடம் நிறைய ஆட்களைப் பார்த்து நிறுத்தினாள். கண் நேராக அவள் அப்பாவிடம் போனது.

"அப்பா, ரிமோட் எங்கப்பா?"

மாமனார் இடது கையைத் தூக்கி விரித்துக் காட்டினார். ஒன்றும் இல்லை. காற்றில் கட்டைவிரலை இரண்டு தடவை மடக்கினார்.

"என்னங்க! அப்பாக்குப் பாத்ரூம் போகணும். தூக்குங்க! உடனே!"

பாய்ந்தேன். வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தேன். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன். அவர் எழுந்து நிற்பதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. என் வீட்டு சோஃபா வெளிர் பழுப்பு நிறம். நனைந்தால் கரும்பழுப்பு. அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பேச்சு போனவருக்கு அழுகை போகவில்லை. பெரிய குரல். படிக்கட்டிலிருந்து கடைசி இருக்கைவரை கேட்ட குரல் அதுதான். எல்லோரும் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நகைச்சுவைக் காட்சிகள் போடட்டுமா?" என்று கேட்டது பெட்டி. அந்த வசனத்தையும் நான்தான் எழுதினேன்.

அவரைப் பாத்ரூமில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கழுவிவிட்டேன். கதவைச் சாத்தியிருந்தேன். என்ன பயன்? கூடத்தில் மேடமும் என் மனைவியும் பேசிக்கொண்டது அத்தனையும், எங்கள் அருமையான ஒலிபெருக்கியின் புண்ணியத்தில், பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்டது.

"அவரு ரிமோட்ட வச்சுக்கிட்டு ரொம்பத் தடுமாறினதா சார் சொன்னாரே" என்றார் மேடம்.

"தடுமாறலைங்க. பேசினாரு."

"பேசினாரா?"

"கண்டக்டரா இருந்தவருங்க. ஒரு மணி அடிச்சா வண்டி நிக்கும், ரெண்டு அடிச்சா போகும். அதையே இங்கயும் வச்சுக்கிட்டாரு. சத்தத்த ஒரு தடவ நிறுத்தித் திருப்பி வச்சா 'இங்க வா'ன்னு அர்த்தம். ரெண்டு தடவன்னா பாத்ரூம் போகணும். மூணுன்னா பசி. நான் மேஜையில வேலை பாத்துட்டே இருப்பேன். தலையத் தூக்கிப் பாக்கவே வேண்டாம், காது போதும். நாள் பூரா பேசிட்டுதான் இருப்போம்."

நான் அவர் முதுகுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரு முதியவரின் தவிப்பு என்று சொன்னவன். அப்பாவும் மகளும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டதைத் திரையில் போட்டு, வியாதி என்று காட்டி, கைதட்டு வாங்கியவன்.

"சாருக்கு இது தெரியாதா?" மேடத்தின் குரல்.

"கிளம்புற அன்னிக்குக்கூட எதிர்ல உக்காரவச்சு எல்லாத்தையும் சொன்னேங்க. தலைய ஆட்டினாரு."

மாமனாரின் தோள் என் கைக்குக் கீழே லேசாக அசைந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ சத்தத்த ஏத்துறது? சார் வீட்டுக்கு வர்ற நேரத்துல தினமும் ஏறுதே. காது கேக்கலன்னு எழுதியிருக்கோம்."

"அது..." என்று மனைவி இழுத்தாள். "இவரு வந்ததும் பேச ஆரம்பிச்சிடுவாருங்க. அதுக்காக."

தாடிக்காரரோ நீலக் கோட்டுக்காரரோ, யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். நான் தண்ணீரைக் கொஞ்சம் வேகமாக ஊற்றினேன். குரல் அதையும் தாண்டிக்கொண்டு வந்தது. மேடம் விடுகிற ஆள் இல்லை. அந்தப் படத்தை மனப்பாடமாக வைத்திருந்தார்.

"ஒரு நீளக் கோடு வருதும்மா. சாயங்காலம் நிறுத்தி வச்சுட்டு, ரொம்ப நேரம் திருப்பி வைக்கறதே இல்ல. அது மறதிதானே?"

"மறதியா? அப்பாவுக்கா?" என்றாள் மனைவி. "இவரு வேலை முடிஞ்சு வந்து பேசிட்டே சோஃபாவுல தூங்கிடுவாரு. மாப்பிள்ளை தூங்குறாரேன்னு சத்தத்த நிறுத்திடுவாரு அப்பா. இவரா முழிக்கிற வரைக்கும் சத்தமில்லாமதான் பாப்பாரு. குஸ்தியப் போய் யாராவது சத்தமில்லாமப் பாப்பாங்களா?"

கையில் இருந்த சொம்பை வாளிக்குள் போட்டுவிட்டு அப்படியே நின்றேன். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். ஏதோ செய்யக் கூடாததைச் செய்து என்னிடம் மாட்டிக்கொண்டது போல.

எனக்கு அழுகை வந்தது. மறைப்பதற்கு அந்த இடத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை.

துவட்டி, பழைய லுங்கியைக் கட்டிவிட்டு, சோஃபாவின் காய்ந்த ஓரத்தில் உட்காரவைத்தேன். முதலீட்டாளர்கள் போயிருந்தார்கள். மனைவி இன்னும் சுவர் முழுக்க இருந்தாள்.

"ரிமோட் எங்கங்க?"

"ஆஃபீஸ்ல. கண்ணாடிக் கூண்டுக்குள்ள."

அவள் காதோரத்துப் பேனாவை எடுத்துக் கீழே வைத்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. பிறகு, "போய் எடுத்துட்டு வாங்க. மேடம், அவரு வர்ற வரைக்கும் அப்பா பக்கத்துல கொஞ்சம் உக்காந்திருங்க. கையப் பாத்துக்கிட்டே இருங்க. கட்டைவிரல் ரெண்டு தடவ மடங்கினா தூக்கிடுங்க" என்றாள்.

எங்கள் இயக்குநர் மேடத்துக்கு யாரும் உத்தரவு போட்டு நான் கேட்டதில்லை. மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார்.

விடுமுறை நாள் என்பதால் அலுவலகத்தில் காவலாளி மட்டும் இருந்தார். கூண்டைத் தூக்கினேன். ரிமோட்டைப் பீடத்தோடு ஒட்டியிருந்தார்கள். சாவியை விட்டு நெம்பினேன். காவலாளி பார்த்துக்கொண்டே நின்றார். "என்னோடதுதான்" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய பொய் என்று தெரிந்தது. வழியில் பேட்டரி வாங்கிப் போட்டேன்.

திரும்பி வந்தபோது அழைப்பு முடிந்திருந்தது; மேடமும் மாமனாரும் சோஃபாவின் இரண்டு ஓரத்திலும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். மேடம் கண் இமைக்காமல் அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சோஃபா சார், இது பெரிய விஷயம். அடுத்த பெட்டியில தட்டிப் பேசற வசதின்னே ஒண்ணு கொண்டு வந்துடலாம். நீங்க ஒரு படம் போட்டு..."

"ம்" என்றேன். என் வாழ்க்கையிலேயே நான் பேசிய மிகச் சிறிய பேச்சு அதுதான். அவர் கிளம்பிப் போனார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய பெட்டியை இழுத்துத் தூசி தட்டி வியர்க்க விறுவிறுக்கப் பொருத்தினேன். புதுப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கும்போது, "மீண்டும் சந்திப்போம்" என்றது. ரிமோட்டை மாமனாரின் இடது கையில் வைத்தேன். அவர் திருப்பிப் பார்த்தார். முதுகில் 'கடைசி ரிமோட்' சீட்டு அப்படியே இருந்தது. நகத்தால் சுரண்டினார், வரவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டார். மல்யுத்தம் ஆரம்பித்தது.

நான் மறு ஓரத்தில், ஈரத்தின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒற்றை வரியில் கேட்டிருக்கலாம். எனக்கு அது வராதே!

"மாமா, நான் என்ன நினைச்சேன்னா, ஒரு தொழில்நுட்பம் வீட்டுக்குள்ள வரும்போது, அதுல ரெண்டு விதமான..."

சத்தம் ஒரு கோடு ஏறியது.

"இல்ல மாமா, நான் சொல்ல வந்தது என்னன்னா..."

இன்னும் இரண்டு கோடு. மல்லன் விழுந்த அதிர்வில் மேஜையிலிருந்த காபிக் கோப்பை கிணுகிணுத்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பொத்தானுக்கு என்ன அர்த்தம் என்று இப்போது எனக்குத் தெரியும்.

தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினேன். திரையில் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. யாரோ யாரையோ தூக்கிப் போட்ட சத்தம் கேட்டது; நடுவர் எண்ணத் தொடங்கியிருந்தார்.

சட்டென்று கூடம் அமைதியாயிற்று.

பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்தேன். திரையில் இரண்டு பேர் சத்தமில்லாமல் கட்டிப் புரண்டார்கள். ரிமோட் மாமனாரின் மடியில் இருந்தது. கட்டைவிரல் இன்னும் பொத்தானின் மேலேயே இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டேன். தூக்கம் வருகிற நிலைமையில் நான் இல்லை. ஆனாலும் அவர் நம்பட்டும் என்று கொஞ்சம் குறட்டை விட்டேன்.